ஹாட் டிஸ்க்கைச் செருகினால் அம்மாவின் வீடியோ கோல் குழம்புகிறது, ஏன்?

கொக்குவில் கமராக்காரன்:
வணக்கம். கல்யாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடுத்து எடிட் செய்வது என் தொழில். வீட்டில் பைபர் லைன். ரவுட்டர் என் அறைச் சுவர்த்தட்டில் இருக்கிறது, அதற்குக் கீழேதான் என் மேசை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, ரொரன்ரோவில் காலை பத்தரை, அம்மா விறாந்தையில் இருந்து போனில் அக்காவுடன் கதைப்பார். இரண்டு மாதமாக, நான் அறையில் வேலை செய்யும் நாட்களில் மட்டும் கோல் குழம்புகிறது. அதிலும் ஒரு விசித்திரம். அம்மாவுக்கு அக்காவின் முகமும் குரலும் பிசகில்லாமல் வருகின்றன. அக்காவின் பக்கம்தான் அம்மா பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். "அம்மா கேக்குதோ, கேக்குதோ" என்று அக்கா கத்த, "எனக்கு வடிவாக் கேக்குது, உனக்குத்தான் காதிலை ஏதோ" என்று அம்மா திருப்பிக் கத்த, முற்றத்து நாய் எழும்பிக் குரைக்கும்.

கம்பெனிக்கு இரண்டு தரம் சொன்னேன். ஒரு பெடியன் வந்து கனெக்டரைத் துடைத்து, வேகம் பார்த்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் நின்ற நேரம் ஒரு குறையும் இல்லை. போன கிழமைதான் எனக்குப் பிடிபட்டது. என் 2 ரீபி ஹாட் டிஸ்க்கை லப்டொப்பில் செருகினால் கோல் குழம்புகிறது, கழற்றினால் பத்து நொடியில் சரியாகிறது. பெடியன் வந்தபோது லப்டொப்பை மூடி, டிஸ்க்கைப் பைக்குள் வைத்திருந்தேன்! டிஸ்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நெல்லியடி நிலா:
டிஸ்க்கைச் செருகியதும் ஏதாவது பேக்கப் மென்பொருள் தானாக வீடியோக்களை மேலே ஏற்றத் தொடங்குகிறதா? அப்லோட் நிறைந்துவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து போகும் படம்தான் அடிபடும், வருவது வந்துகொண்டிருக்கும். நீங்கள் சொல்வதும் அதேதானே. டாஸ்க் மனேஜரில் பாருங்கோ.

கொக்குவில் கமராக்காரன்:
நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் தங்கச்சி. லப்டொப்பின் வைஃபையை முழுதாக நிறுத்திவிட்டு டிஸ்க்கைச் செருகினேன். அப்போதும் அதே கதை.

வயர்மேன்:
தம்பி, மூன்று கேள்வி. டிஸ்க் எந்த இடத்தில் இருக்கிறது? செருகும் போர்ட்டின் உள்ளே நீல நிறமா? மௌஸ் வயர் இல்லாததென்றால், டிஸ்க் ஓடும்போது அது விட்டு விட்டுத் துள்ளுகிறதா?

கொக்குவில் கமராக்காரன்:
அண்ணை, டிஸ்க்கின் வயர் ஒரு அடிதான். மேசையில் இரண்டு கமரா, சார்ஜர், லைட் என்று இடமே இல்லை, அதனால் ரவுட்டருக்கு மேலேயே வைத்துவிடுவேன். நீல போர்ட்தான். மௌஸ்... ஓம்! அதற்கு இரண்டு தரம் பற்றரி மாற்றிவிட்டேன். கடைக்காரனையும் திட்டிவிட்டு வந்தேன்.

வயர்மேன்:
கடைக்காரன் பாவம்.

அந்த நீல போர்ட் யூஎஸ்பி 3, நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுவது. அந்த வேகத்தில் ஓடும் சிக்னல், வயரிலும் கனெக்டரிலும் டிஸ்க்கின் பெட்டியிலும் கவசம் சரியில்லாவிட்டால், ரேடியோ இரைச்சலாக வெளியே கசியும். அது பரந்த இரைச்சல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதும் அதற்குள் அகப்பட்டுவிடும். உங்கள் வைஃபையும் மௌஸும் அங்கேதான் ஓடுகின்றன. இன்டெல் கம்பெனியே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது.

அம்மாவுக்குக் கேட்டு அக்காவுக்குக் கேட்காததன் காரணமும் இதுதான். நல்லூர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று போன் கதைத்திருப்பீர்கள். நீங்கள் கத்துவது மற்றவருக்கு ஓரளவு போகும், அவர் சொல்வது உங்களுக்கு ஏறாது. உங்கள் ரவுட்டர் தவிலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அது அனுப்புவது விறாந்தைக்குப் போய்விடும், அங்கே இரைச்சல் இல்லை. விறாந்தையிலிருந்து மெலிந்து வரும் போனின் சிக்னல்தான் அதன் காதில் விழாது.

இன்னொரு லப்டொப்பை விறாந்தையில் வைத்து ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் அடித்துப் பாருங்கோ, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் என்று, டிஸ்க் இருக்கும்போதும் இல்லாதபோதும். அது ரவுட்டர் வரைதான் போய்வரும், வெளி லைனை இழுக்காது. அதிலேயே தெரிந்துவிடும்.

நெல்லியடி நிலா:
அப்படியென்றால் ரவுட்டரின் வைஃபை சனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்க்கலாமே?

வயர்மேன்:
பக்கத்து வீட்டு வைஃபை இடித்தால் அது உதவும் பிள்ளை. இது எல்லாச் சனலுக்கும் மேலே விரித்த பாய் மாதிரி. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தப்பலாம்.

கொக்குவில் கமராக்காரன்:
மருமகனின் லப்டொப்பை வாங்கி விறாந்தையில் வைத்துப் பிங் அடித்தேன். டிஸ்க் இல்லாமல் 3, 4, 3, 5 மில்லிசெக்கன். செருகினேன்: 210, 640, பிறகு பதிலே இல்லை, திரும்ப 480. டிஸ்க்கை என் லப்டொப்போடு சேர்த்துக் கையில் எடுத்து ஓரடி ஓரடியாக நகர்த்தினேன். மூன்றடி தாண்டியதும் இலக்கங்கள் இறங்கத் தொடங்கின. கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் எங்களுக்குச் சரிவரவில்லை. அம்மாவின் போன் பழசு, அதில் அந்த வசதி இல்லை. மருமகனின் போனில் பார்த்தேன், அப்பா கட்டிய தடித்த சுண்ணாம்புச் சுவர் இரண்டைக் கடந்து விறாந்தைக்கு வரும்போது சிக்னல் ஒரு கோடுதான்.

டிஸ்க்கை யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு கல்யாணவீட்டு 60 ஜிபியை எடுக்க அரை மணித்தியாலம் போகிறது. நீல போர்ட்டில் பத்து நிமிட வேலை.

கடைசியில் மேசையையே யன்னல் பக்கம் இழுத்துவிட்டேன், ரவுட்டரிலிருந்து எட்டடி. டவுனில் நல்ல கவசம் உள்ள தடித்த வயரும் ஒன்று வாங்கினேன். நேற்று ஞாயிறு, கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றேகால் மணித்தியாலம் கதைத்தார்கள். மௌஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

வயர்மேன்:
மௌஸின் குட்டி ரிசீவரை டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகியிருப்பீர்கள். லப்டொப்பின் மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கோ.

கொக்குவில் கமராக்காரன்:
மாற்றினேன் அண்ணை, நின்றுவிட்டது. நாளைக்கு அந்தக் கடைக்காரனிடம் போக வேண்டும்.