குரல் கேட்கிறது என்பவரிடம் செவிலியர் என்ன சொல்வது?

கேள்வி: மனநலப் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். "சுவருக்குள்ளிருந்து திட்டுகிறார்களே, உங்களுக்குக் கேட்கவில்லையா சிஸ்டர்?" என்று ஓர் அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில் 1: கேட்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், பொய்யென்று வாதாடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு அச்சமாக இருக்கும் என்பது புரிகிறது" என்று சொல்லி அருகில் அமருங்கள். தன்னையோ பிறரையோ தாக்கும்படி அக்குரல் கட்டளையிடுகிறதா என்று நேராகவே கேட்டு, ஆம் என்றால் தாமதியாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பதில் 2: பதற்றம் தணிய, கண்ணில் படும் ஐந்து பொருள்களை மெல்லப் பெயர் சொல்லச் செய்வதும் உதவும். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே பராமரிப்பின் மையமாக அமெரிக்க மனநலச் செவிலியரான ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952-இல் முன்வைத்தார். அந்த அம்மா உங்கள் கையைப் பற்றியதே அவ்வுறவின் தொடக்கம்தான்.

கேட்டவர்: நன்றி. நாளை காலைப் பணியில் முதலில் அவரிடம்தான் செல்வேன்.