டிராகுலா வேட்டைக்காரர்களின் தொகுப்பு: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மார்வெல் நிறுவனம் 1972 முதல் 1979 வரை 70 இதழ்களாக வெளியிட்ட 'டூம் ஆஃப் டிராகுலா' காமிக்ஸ் தொடரை முழுமையாகச் சேர்க்க விரும்புகிறேன். அதற்கு உங்கள் ஆலோசனை தேவை.

என்னிடம் இருப்பது, பழைய இதழ்களை மார்வெல் மறுபதிப்பாகத் தொகுத்த எஸென்ஷியல் வரிசையின் முதல் தொகுப்பு மட்டுமே. கறுப்பு வெள்ளையில் அச்சான அந்தப் பக்கங்களில் ஓவியர் ஜீன் கோலனின் பனிமூட்டமும் நிழல்களும், அவரது பென்சில் ஓவியங்களுக்கு மை தீட்டிய டாம் பாமரின் கோடுகளும் மிகத் துல்லியமாகத் தெரிகின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேட்டையை வழிநடத்தும் முதியவர் குவின்சி ஹார்க்கர், குறுக்குவில் ஏந்திய ரேச்சல் வான் ஹெல்சிங், பேச்சிழந்த இந்தியரான தாஜ், 1973 ஜூலையில் வந்த 10ஆம் இதழில் மரக்கத்திகளுடன் அறிமுகமாகும் பிளேடு என அந்த வேட்டைக்குழு முழுவதையும் நான் நேசிக்கிறேன். ஆனால் பழைய புத்தகமாக வாங்கிய அந்தப் பிரதியின் முதுகு பிளந்து, தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டன.

வண்ணத்தில் வந்த கெட்டி அட்டை ஆம்னிபஸ், மெல்லிய அட்டை கம்ப்ளீட் கலெக்‌ஷன் ஆகிய இரண்டு தொகுப்புப் பதிப்புகளையும் பார்த்தவர்கள், எதில் கோலனின் நிழல்கள் வண்ணத்தில் மூழ்காமல் நிற்கின்றன என்றும், நடுமடிப்பில் ஓவியம் மறைகிறதா என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள். 44ஆம் இதழின் கதை மார்வெலின் இன்னொரு தொடரான 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' 14ஆம் இதழில்தான் தொடர்கிறது என்பதால், அந்த இதழும் சேர்ந்துள்ள பதிப்பே எனக்கு வேண்டும். உள்பக்கம் ஒன்றின் படத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.