ஜெர்மனி வரும் புது மாணவர்களுக்கு அறை வேண்டும், முகவரிப் பதிவுக் கடிதத்தோடு

வணக்கம். அக்டோபரில் குளிர்கால செமஸ்டருக்கு வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்.

குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் அன்மெல்டுங் எனும் முகவரிப் பதிவு செய்யணும். அதற்கு வாடகை ஒப்பந்தம் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். குறுகிய காலத்துக்கு அறை விடும் பலர் அதைத் தர மறுக்கிறார்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது. விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கிடந்தாலும் அதிலிருந்து மாதாமாதம் 992 யூரோ வந்து விழ ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேணுமே, பல வங்கிகள் அதற்கும் பதிவுச் சான்று கேட்கின்றன.

எனவே பெர்லின், மியூனிக், ஆஹன் பக்கம் அக்டோபர், நவம்பருக்கு உள்வாடகை அறை (வாடகைக்கு இருப்பவர் மறுபடி வாடகைக்கு விடுவது) இருந்தால் சொல்லுங்கள். மூன்று விஷயம் கட்டாயம்: அந்தக் கடிதம், வீட்டு உரிமையாளரின் சம்மதம், தபால் பெட்டியில் பிள்ளையின் பெயர். பெயர் ஒட்டாத பெட்டியில் தபால்காரர் போடமாட்டார். வங்கி பின் நம்பரும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் திரும்பிப் போய்விடும். சாவி தருமுன் பணம் கேட்கும் விளம்பரங்களைத் தயவுசெய்து இங்கே பகிராதீர்கள்.

இன்னொன்று: 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டின் மாணவர் சலுகைக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. விசாவுக்கு எடுத்த பயணக் காப்பீடு பல்கலைக்கழகப் பதிவுக்குச் செல்லாது. அந்த வயதில் சேர்ந்தவர்கள் எந்தக் காப்பீட்டை, எந்தக் கடிதத்தோடு காட்டினீர்கள்? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள்.