லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ்: முதல் ஐந்து பேரை எப்படிக் கணிப்பது?

கொழிஞ்சாம்பாறை_சக்கரம்

வணக்கமுங்க. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஞாயிறு ரைடு ஆட்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பெல்ஜியத்தில் நடக்கும் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் ரேஸுக்குக் கணிப்புப் போட்டி வைக்கிறோம். முதல் ஐந்து இடத்துக்கு ஐந்து பேரை வரிசையாக எழுதித் தரணும். ஆளும் இடமும் சரியென்றால் 5 புள்ளி. ஆள் சரி, இடம் மாறியிருந்தால் 2 புள்ளி. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பட்டியல் மூடிவிடும்.

இப்போதைக்கு நான் எழுதியிருப்பது: போகாச்சார், எவெனெபூல், அப்புறம் அதே வாரம் புதன்கிழமை நடக்கும் ஃப்ளெஷ் வலோன் ரேஸில் முதலில் வரும் இரண்டு பேர், கடைசியாக டூர் டி பிரான்ஸ் மலைகளில் நன்றாக ஏறும் ஒருவர். இதில் எது தப்பு? ஃப்ளெஷ் முடிவை எவ்வளவு நம்பலாம்? வான் டெர் பூல் மாதிரி கனத்த ஆளைச் சேர்க்கலாமா? மழை வந்தால் பட்டியலை மாற்றணுமா?

மறையூர்_ஏத்தம்

முதல் இரண்டு பெயரில் தப்பில்லை. ஐந்தாவதுதான் இடிக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வது இது. போத்துண்டியிலிருந்து நெல்லியாம்பதி, போடியிலிருந்து போடிமெட்டு என்று ஒரே சீராக நீளமாக ஏறிப் பழகியதால், 'மலை ரேஸ்' என்றதும் நீண்ட மலைக்காரனைத் தேடுகிறோம். இந்த ரேஸ் நடக்கும் ஆர்டென்ஸ் குன்றுப் பகுதியில் அப்படி மலை கிடையாது. எல்லாம் குட்டை, எல்லாம் செங்குத்து. ஸ்டாக்யூ 1 கி.மீ., சராசரி 12.5 சதவீதம். லா ரெடூட் 1.6 கி.மீ., 9.4 சதவீதம். ரோஷ்-ஓ-ஃபோக்கோன் 1.3 கி.மீ., 11 சதவீதம். ஓரளவு நீளமென்றால் ரோசியேதான், அதுவும் 4.4 கி.மீ.யோடு தீர்ந்துவிடும்.

ரெடூட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.6 கி.மீ., 9.4 சதவீதம் என்றால் 150 மீட்டர் உயரம். அதை நான்கு நிமிடத்தில் ஏறினால் உடல் எடையில் கிலோவுக்கு ஏழரையிலிருந்து எட்டு வாட் வரை சக்தி வேண்டும். அரை மணி நேரத்துக்குக் கிலோவுக்கு ஆறு வாட் தருகிற ஆளிடம் இந்த நான்கு நிமிட வெடிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், இது எப்போது வருகிறது என்பது. மொத்தம் 250 கி.மீ.க்கு மேல், 4,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். ரெடூட் வரும்போது ஐந்து மணி நேரம் ஓட்டியாகிவிட்டது, இன்னும் 34 கி.மீ. பாக்கி. புதிதாக இருக்கும்போது எட்டு வாட் தருகிறவர்கள் நிறைய. ஐந்து மணி நேரம் கழித்து அதில் பாதிப் பேர்கூட மிஞ்சமாட்டார்கள். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒருவர் எத்தனை மலை ஜெயித்தார் என்பதல்ல, 200 கி.மீ. தாண்டிய ரேஸ்களின் கடைசி அரை மணியில் முன்னால் இருந்தாரா என்பதுதான். ஸ்டிராடே பியாங்கே, ஆம்ஸ்டெல், லொம்பார்டியா ஆகிய ஒரு நாள் ரேஸ்கள் இதற்கு நல்ல அளவுகோல்.

கணவாய்க்_காத்து

மறையூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் புள்ளி விதியைப் பார்த்தால் முதல் இடத்தில் போட்டியே இல்லை. 2024, 2025 இரண்டிலும் போகாச்சார் ரெடூட்டில் போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரும் அவரைத்தான் எழுதப் போகிறீர்கள். ஆக உங்கள் போட்டி 2 முதல் 5 வரை உள்ள இடங்களில்தான் நடக்கிறது, அங்கே வேறு கணக்கு.

கடைசி ஏற்றமான ஃபோக்கோன் உச்சியிலிருந்து முடிவுக்கோட்டுக்கு 13 கி.மீ. ஏற்றம் முடிந்தது போலத் தெரியும், ஆனால் பொன்செல் பக்கம் இன்னும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பிறகு நகரத்துக்கு இறக்கம், கடைசியில் சமதளம். ஃபோக்கோனில் ஒன்றிரண்டு பேர் பிய்த்துக்கொண்டு போனால் அவர்களுக்கு 2, 3. பின்னால் வரும் கூட்டம் ஸ்பிரிண்ட் (கடைசி வேகப் பாய்ச்சல்) அடித்து மீதி இடங்களைப் பிரித்துக்கொள்ளும். 2025-ல் அப்படியேதான்: சிக்கோனேவும் ஹீலியும் முன்னால், நான்காம் ஐந்தாம் இடத்துக்குக் கூட்ட ஸ்பிரிண்டில் வெலாஸ்கோவும் திபோ நைஸும். 2024-ல் பார்தே தனியாக இரண்டாவது, ஸ்பிரிண்டில் மூன்றாவது வான் டெர் பூல். 2022-ல் எவெனெபூல் தனியாகப் போய்விட்டதால் இரண்டாம் இடத்துக்கே ஸ்பிரிண்ட்: ஹெர்மன்ஸ், வான் ஆர்ட்.

ஆகவே 2-க்கும் 3-க்கும் ஃபோக்கோனில் அட்டாக் பண்ணுகிற ஆட்களைப் போடுங்கள். 4-க்கும் 5-க்கும் ஏற்றத்தைத் தாக்குப்பிடித்து முப்பது பேரில் வேகமாக அடிக்கக்கூடியவர்கள். அந்த வகையில் வான் டெர் பூல் பெயர் தொடக்கப் பட்டியலில் இருந்தால் தாராளமாக எழுதலாம், ஆனால் ஜெயிக்கிற இடத்தில் வேண்டாம்.

காற்றைப் பற்றிக் கஞ்சிக்கோடு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதை லியேஜிலிருந்து தெற்கே பாஸ்டோன் போய் வடக்கே திரும்புகிறது. தென்மேற்குக் காற்று என்றால் திரும்பும் வழியில் பெரும்பாலும் முதுகில். கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பவனுக்கு லாபம் குறைவு, தனியாகப் போனவனைப் பிடிப்பது கஷ்டம். வடக்குக் காற்று என்றால் நேர்மாறு, ஸ்பிரிண்ட் ஆட்களில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் லியேஜ் நகரத்துக்கு மட்டும் பார்க்காமல், ரெடூட் தொடங்கும் ரெமூஷான் ஊருக்கும் முன்னறிவிப்பைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை_சக்கரம்

இரண்டு பேருக்கும் நன்றிங்க. அப்போ ஃப்ளெஷ்? வால்வெர்தே 2006, 2015, 2017 மூன்று வருடமும் இரண்டையும் ஜெயித்திருக்கிறாரே. 2011-ல் ஜில்பேர் ஆம்ஸ்டெலையும் சேர்த்து மூன்றையுமே. அது எப்படித் தற்செயலாகும்?

குமுளி_கியர்

தற்செயல் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன வருடங்களில் லியேஜ் ரேஸ் முடிந்த இடமே வேறு. 2018 வரை முடிவுக்கோடு ஆன்ஸ் மேட்டில் இருந்தது. கடைசியில் ஏற்றத்தில் அடிக்க வேண்டும். ஃப்ளெஷ் முடிவது ஹூ ஊரின் ம்யூர் த ஹூ என்ற ஏற்றத்தில், 1.3 கி.மீ., சராசரி 9.6 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முடிவு, அதனால் ஒரே ஆள் ஜெயித்தார். 2019-லிருந்து லியேஜ் சமதளத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரே வருடத்தில் இரண்டையும் எடுத்தது போகாச்சார் மட்டும், 2025-ல். அவரை வைத்து விதி எழுத முடியாது.

ஹூயில் நடப்பது மூன்று நிமிடச் சண்டை. அதுவரை கூட்டம் சேர்ந்தே வருகிறது. 2024 ஃப்ளெஷ் இன்னும் மோசமான உதாரணம். குளிரும் மழையும் சேர்ந்து 44 பேர்தான் முடித்தார்கள், ஸ்டீஃபன் வில்லியம்ஸ் ஜெயித்தார். அந்த முடிவை அப்படியே ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துப் போனவர்கள் தோற்றிருப்பார்கள். முதல் மூன்று பேர் யாரென்று பார்ப்பதைவிட, 5 முதல் 15-ஆம் இடம் வரை கடைசி 200 மீட்டரில் மேலே ஏறி வந்துகொண்டிருந்தவர் யார் என்று பாருங்கள். 50 மீட்டர் முன்னாலேயே கால் முழுதும் தீர்ந்துபோனவரும், கால் மிச்சம் வைத்து இடம் கிடைக்காமல் தவித்தவரும் முடிவுத் தாளில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

ஆம்ஸ்டெலுக்கு இதைவிடக் கொஞ்சம் எடை கொடுப்பேன், தூரம் 250 கி.மீ. பக்கம் என்பதால். 2025-ல் ஷெல்மோஸ் அங்கே போகாச்சாரையும் எவெனெபூலையும் மூன்று பேர் ஸ்பிரிண்டில் அடித்தார். ஒரு வாரம் கழித்து லியேஜில் எவெனெபூல் 59-ஆவது. ஏழு நாளில் கால் அவ்வளவு மாறும், நல்லதாகவும் கெட்டதாகவும்.

நம்மில் பலர் கவனிக்காத இடம் டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ். அதே வாரம் திங்கள் தொடங்கி வெள்ளி முடியும் ஐந்து நாள் ரேஸ். ஃப்ளெஷில் ஆளைக் காணோமே என்று சிக்கோனேவை ஒதுக்கியவர்கள், 2025-ல் அவர் அங்கே முதல் நாளே ஜெயித்ததைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை மலையில் இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை களைப்பாக இருப்பார் என்று நாம் நினைப்போம். பலருக்கு அது கடைசிக் கூர்தீட்டலாகவே அமைகிறது.

மழையைப் பற்றி: மழை மட்டும் என்றால் பட்டியலை மாற்றத் தேவையில்லை. மழையோடு 5–6 டிகிரிக் குளிர் சேர்ந்தால் மாற்றுங்கள். உடம்பில் கொழுப்பே இல்லாத மிக ஒல்லியான ஏற்றக்காரர்கள் முதலில் நடுங்கத் தொடங்குவார்கள், விரல் மரத்துச் சாப்பாட்டு உறையைக்கூடப் பிரிக்க முடியாது. மணிக்கு 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போகவேண்டிய ரேஸில் ஒரு மணி நேரம் சாப்பிடாவிட்டால் ரெடூட்டில் கால் காலியாக இருக்கும்.

மறையூர்_ஏத்தம்

குமுளியார் சொன்ன 'இடம் கிடைக்காமல் தவித்தவர்' ரெடூட்டுக்கும் பொருந்தும். ரெமூஷானில் நெடுஞ்சாலைப் பாலம் தாண்டித் திரும்பினதும் சாலை குறுகிவிடும். அங்கே முதல் 15 பேருக்குள் இல்லாதவன் எட்டு வாட் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. முன்னால் தள்ளாடுகிறவர்களைச் சுற்றிப் போவதிலேயே பத்து விநாடி போய்விடும், அது திரும்பக் கிடைக்காது. அதனால் உங்கள் 2–5 ஆட்களுக்கு, அந்த இடம் வரை அவரைக் கொண்டுவந்து விட இரண்டு நல்ல துணை ஓட்டக்காரர்களாவது அணியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அணியில் இரண்டு தலைவர் என்றால் இன்னும் கவனம் தேவை. முன்னால் ஒருவர் போய்விட்டால் மற்றவர் துரத்தமாட்டார், அதனால் ஒரே அணியிலிருந்து இரண்டு பேரை ஐந்துக்குள் எழுதுவது பெரும்பாலும் புள்ளியை வீணாக்குவது.

கொழிஞ்சாம்பாறை_சக்கரம்

சரிங்க, திருத்திய பட்டியல்: 1 போகாச்சார், 2 எவெனெபூல், 3 ஹீலி, 4 பிட்காக், 5 ஷெல்மோஸ். டூர் மலைக்காரரைத் தூக்கிவிட்டேன். பெயர்கள் எல்லாம் தொடக்கப் பட்டியலில் வந்தால்.

கணவாய்க்_காத்து

ஹீலியை 3-ல் வைத்தது சரி. அவர் ஸ்பிரிண்டுக்குக் காத்திருக்கமாட்டார். எவெனெபூல் 2-ல் வைக்கும் அளவுக்கு இருக்கிறாரா என்பதை ஆம்ஸ்டெலின் கடைசி ஒரு மணி நேரம் சொல்லிவிடும். அங்கே திணறினால் அவரை எடுத்துவிட்டு டூர் ஆஃப் தி ஆல்ப்ஸில் நன்றாக ஏறினவரைப் போடுங்கள். பிட்காக், ஷெல்மோஸ் வரிசையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கூட்ட ஸ்பிரிண்டில் 4-ம் 5-ம் காசு சுண்டுகிற மாதிரிதான்.

தொடக்கப் பட்டியல் சனிக்கிழமை வரை மாறும், காய்ச்சல், விழுந்த காயம் என்று. எட்டரைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2023-ல் போகாச்சார் சுமார் 85-ஆவது கி.மீ.யில் விழுந்து மணிக்கட்டு உடைந்து வெளியேறினார், அதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

குமுளி_கியர்

நேரலை பார்க்கிறவர்களுக்கு: பெரும்பாலும் நம் நேரம் ராத்திரி ஏழே முக்கால் வாக்கில் முடியும். ரெடூட் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பின். ஆறரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.