பின் டயரின் உள் ஓரம் மட்டும் ஏன் கம்பி தெரியத் தேய்கிறது? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஓஎம்ஆர் ராப்பறவை (சென்னை):

பவர் அதிகமான வண்டியில் பின் டயர் சீக்கிரம் போவது சகஜம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறதே. என்னுடையது பின் சக்கரத்துக்கு மட்டும் பவர் போகிற ஜெர்மன் செடான், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. முன்னால் 255, பின்னால் 285 மில்லிமீட்டர் அகலம். வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் பட்டன் (டயர் மேலுள்ள ரப்பர் வரிகள்) நன்றாகவே தெரியும், நடுவில் அளந்தால் 5 மில்லிமீட்டர் இருந்தது. பஞ்சர் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியபோதுதான், உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாகி இடது டயரில் கம்பி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பஞ்சர் ஒட்ட வந்த பையன் "சார், இதை ஒட்டி என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு டயரை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில்: "ஹை பெர்ஃபார்மன்ஸ் வண்டி சார், இப்படித்தான் தேயும்." ஆக்ஸிலரேட்டரை மிதித்துத் தேய்த்திருந்தால் முழு அகலமும் தேய வேண்டும், இல்லையென்றால் நடுப்பகுதி தேய வேண்டும். உள் ஓரம் மட்டும் ஏன்? காற்று அதிகமானாலும் நடுவில்தான் தேயும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். ஒரே ஒரு ஓரம் என்றால் அது சக்கரம் நிற்கிற கோணம். ஆகவே வேறு இடத்தில் அலைன்மென்ட் பார்த்து, கையில் பிரிண்ட் வாங்கினேன்.

பின் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிற அளவு, இரண்டு பக்கமும் மைனஸ் 1.8 டிகிரிக்கு அருகில் (மைனஸ் என்றால் உள்ளே சாய்வு). கம்பெனி சொன்ன வரம்புக்குள்தான். டோ தான் உதைத்தது, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்காமல் திரும்பி நிற்கிற அளவு: இடது பக்கம் 0.4 டிகிரி, வலது 0.1. நாற்பது வினாடியில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. 0.4 டிகிரி திரும்பி நிற்கிற சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சுமார் 7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டருக்கு 70 கிலோமீட்டர். தார் ரோட்டில் ரப்பரை அத்தனை தூரம் குறுக்கே தேய்த்தால் என்ன மிஞ்சும்? கேம்பர் எடையை உள் ஓரத்தில் சாய்த்து வைக்கிறது, டோ அந்த ஓரத்தைப் பிடித்து அரைக்கிறது. எல்லோரும் கேம்பரைத் திட்டுகிறார்கள், அரைப்பது டோ. இதுதான் என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

செட்டிபாளையத்தான் (கோவை):

அண்ணா சொன்னது சரிங்க. நான் அலைன்மென்ட் வேலை பாக்கறவன், தினமும் பாக்கற சமாச்சாரம்தான் இது. ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்றேன். நம்மூர்ல ஓடற சின்னக் கார்ல பாதிக்கு மேல பின்னாடி டார்ஷன் பீம்தானுங்க (ரெண்டு சக்கரத்தையும் சேக்கற ஒரே இரும்புத் தண்டு), அதுல திருப்ப எதுவும் இருக்காது. அதுலயே பழகின கடைக்காரர் பெரிய வண்டி வந்தாலும் முன்னாடி டோவை மட்டும் சரி பண்ணி, ஸ்டீரிங் நேரா நிக்குதான்னு பாத்து அனுப்பிருவாரு. மல்டிலிங்க் வண்டில, அதாவது ஒவ்வொரு பின் சக்கரத்தையும் தனித்தனி ஆர்ம் (இரும்புக் கை) பல பிடிக்கற வண்டில, பின்னாடி கேம்பருக்கு ஒண்ணு, டோவுக்கு ஒண்ணுன்னு எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்புனா கோணம் மாறற போல்ட்) இருக்குங்க. மொதல்ல பின் கேம்பர், அப்புறம் பின் டோ, கடைசிலதான் முன்னாடி வரணும். கேம்பரைத் திருப்புனா டோவும் கூடவே நகரும். அதனால வரிசை மாத்திச் செஞ்சா மறுபடி மொதல்ல இருந்துதான்.

ஜெர்மன் வண்டி சிலதுக்கு சீட்லயும் டிக்கிலயும் எடை வெச்சு, உயரம் பாத்து அளக்கணும்னு கம்பெனியே போட்டிருக்கு. அதைச் செய்யாம எடுத்த பிரிண்ட்டை நான் பெருசா நம்பமாட்டேன்.

இன்னொண்ணு. பிரிண்ட்ல எல்லாம் பச்சையா (வரம்புக்குள்ள) வந்தும் டயர் தேயுதுன்னு வருவாங்க. அப்ப புஷ் (ஆர்ம் மாட்டற எடத்துல இருக்கற ரப்பர்) பாக்கணும். வண்டி நிக்கறப்ப டோ சரியா இருக்கும். பிரேக் அடிச்சாலோ, ஆக்ஸிலரேட்டர் குடுத்தாலோ ஆடற புஷ் வழியா ஆர்ம் நகந்து டோ மாறிரும். மெஷின் நிக்கற வண்டியத்தானே அளக்குது? லிஃப்ட்ல தூக்கி, ஜாக்கி பார் போட்டு நெம்பிப் பாத்தாத்தான் தெரியும்.

டயரையே கையால தடவிப் பாருங்க. குறுக்கே ஒரு பக்கமா தடவுனா வழுக்கிட்டுப் போயி, திரும்பத் தடவுனா ரம்பப் பல்லு மாதிரி கை சொரசொரன்னு மாட்டுச்சுன்னா அது டோ. வழவழன்னு சரிஞ்சு தேஞ்சிருந்தா கேம்பர். மெஷின் வர்றதுக்கு முந்தி எங்க மாஸ்டர் இப்படித்தான் கண்டுபிடிப்பாரு.

---

மழைநாள் சாரதி (லண்டன்):

என்ர அனுபவத்தையும் எழுதுறன், ஏனெண்டால் இஞ்ச சட்டமே ஆக்களை ஏமாத்திப் போடும். பிரித்தானியாவில ரயரின்ர ஆழம் 1.6 மில்லிமீற்றர் இருக்கோணும் எண்டது நடு முக்கால்வாசி அகலத்துக்கு மட்டும்தான். உள் ஓரம் மொட்டையாய் இருந்தாலும் கம்பி தெரியாட்டில் ஆழத்தைக் காட்டி எம்.ஓ.ரி.யில (இஞ்சத்தை வருசாந்த வாகனச் சோதனை) விழுத்த ஏலாது. என்ர கார் அப்பிடித்தான் பாஸ் பண்ணினது. "உள்ளுக்குத் தேயுது, கவனம்" எண்டு ஒரு வரி எழுதித் தந்தவை.

அதுக்குப் பிறகு ஒருநாள் லண்டனைச் சுத்திப் போற எம்25 நெடுஞ்சாலையில நல்ல மழை. பாதையில தண்ணி தேங்கின இடத்தில பின்பக்கம் மெல்ல விலகினது. வேகம் அதிகமெண்டு சொல்ல ஏலாது. ஸ்டபிலிற்றி கொன்ரோல் (கார் வழுக்காமல் தானாப் பிடிக்கிற அமைப்பு) பிடிச்சதால தப்பினன். கேம்பரால கூடின பாரம் விழுகிறது அந்த உள் ஓரத்திலதான், தண்ணியை வெளியேற்ற வேண்டிய கால்வாயும் அங்கதான் இல்லாமப் போயிருக்கு. முன் ரயர் வழுக்கினால் கார் நேரை போகும், ஆளுக்குத் தெரியும். பின் ரயர் வழுக்கினால் கார் சுத்தும். உடன ஒரு சோடி புது ரயர் பின்னுக்குப் போட்டாச்சு.

காரணத்தைப் பாத்தால், முதல் வைச்சிருந்தவர் வடிவுக்காகக் காரின்ர உயரத்தைப் பதிச்சிருக்கிறார். ஸ்பிரிங் மாத்தி உயரத்தைக் குறைச்சால் பின் சக்கரம் தானாகவே உள்ளுக்குச் சரியும், மைனஸ் கேம்பர் கூடும், டோவும் இடம் மாறும். என்ர காரில கம்பனி போல்ட்டைக் கடைசி மட்டும் திருப்பியும் கேம்பர் திரும்பி வரேல்ல. நீளம் மாத்தக்கூடிய ஆர்ம் வாங்கிப் போட்ட பிறகுதான் வந்தது. அதுக்கும் முதல், இஞ்சத்தை குளிர்கால உப்பில எக்சென்ட்ரிக் போல்ட் புஷ்ஷுக்குள்ள துருப்பிடிச்சு இறுகி, வெட்டித்தான் எடுத்தவை. ரயர் காசிலும் பாக்க அந்த வேலைக்குப் போன காசுதான் கூட.

---

செப்பாங் பித்தன் (கோலாலம்பூர்):

எல்லோரும் டோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். கொஞ்சம் கேம்பருக்காகவும் வாதாடுகிறேன். கம்பெனிக்காரன் மைனஸ் கேம்பர் கொடுத்திருப்பது வளைவுக்காக. வேகமாகத் திரும்பும்போது வண்டி சாயும், வெளிப்பக்கச் சக்கரமும் சாயும். அந்த நேரத்தில் டயர் முழு அகலத்தில் தரையில் படட்டும் என்றுதான் முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். நீங்கள் நெடுஞ்சாலையில் நேராக மட்டும் ஓட்டினால் அந்தச் சாய்வுக்கு வேலையே வராது, உள் ஓரம்தான் உழைத்துக்கொண்டிருக்கும்.

என் வண்டி செப்பாங் டிராக்குக்கும் போகும், ஈப்போ வரை நெடுஞ்சாலையிலும் போகும். டிராக் வெளி ஓரத்தைத் தின்கிறது, நெடுஞ்சாலை உள் ஓரத்தைத் தின்கிறது, கடைசியில் டயர் ஓரளவு சமமாகவே தீர்கிறது. செப்பாங்கில் 15 வளைவுகளில் 10 வலது வளைவு, ஆகையால் இடது டயர்கள் முதலில் போய்விடும். அது தனிச் செலவு. வாரம் முழுக்க ஆபீசுக்கு ஓட்டுகிறவருக்கு கேம்பரை கம்பெனி வரம்பின் குறைந்த பக்கத்தில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன்.

---

ஓஎம்ஆர் ராப்பறவை (சென்னை):

செப்பாங்காரரே, உங்கள் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஈசிஆரில் நேராகப் போகிறவனுக்கு அது கிடைக்காத பாக்கியம்.

ஒரு சந்தேகம் பலருக்கும் வரும், எனக்கும் வந்தது: டயரை இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டலாமே? முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் முன்–பின் மாற்றமே கிடையாது. ஒரு டயர் கடையில் "இடது வலது மாத்திடலாம் சார்" என்றார்கள். என் டயரில் 'வெளிப்பக்கம்' என்று அச்சடித்திருக்கிறது. அந்த ரகத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் தேய்ந்த உள் ஓரம் மறுபடி உள்ளேதான் நிற்கும். கூலிதான் நஷ்டம். சுழல்திசை அம்புக்குறி மட்டும் போட்ட டயர் என்றால் கதை வேறு: ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டி, இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் போட்டால் அம்பும் சரியாக நிற்கும், தேய்ந்த ஓரமும் வெளியே வந்துவிடும். கம்பி தெரிவதற்கு முன்னால் செய்தால்தான் அதற்கும் அர்த்தம்.

கோவைக்காரரிடம் ஒரு கேள்வி. டோதான் அரைக்கிறது என்றால் பின்னால் சுத்தமாக ஜீரோ வைத்துவிட்டால் என்ன?

---

செட்டிபாளையத்தான் (கோவை):

வெக்காதீங்கண்ணா. பின்னாடி கொஞ்சம் டோ-இன் (சக்கரத்தோட முன்பக்கம் உள்ள பாத்து நிக்கறது) கம்பெனி வேணும்னேதான் வெச்சிருக்கான். நேரா போறப்ப வண்டிய அமைதியா பிடிச்சு நிறுத்தறது அதுதான். ஒருத்தர் டயர் மிச்சம் பண்ணணும்னு ஜீரோ கேட்டு வாங்கிட்டுப் போனாரு. சேலம் ரோட்ல லாரியத் தாண்டறப்ப பின்னாடி மெதக்கற மாதிரி இருக்குன்னு திரும்ப வந்துட்டாரு. ஜீரோ வெச்சா, ஆடற புஷ் ஒண்ணு இருந்தாக்கூட டோ-அவுட் (முன்பக்கம் வெளிய பாக்கறது) ஆயிரும். அதுதான் ரொம்ப ஆபத்து. வரம்புக்குள்ள கம்மியான பக்கம் வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. உங்க வண்டில 0.4க்கும் 0.1க்கும் இருக்கற அந்த வித்தியாசம்தான் எனக்கு ஒதைக்குது. எங்காச்சும் குழியில விழுந்துச்சுங்களா?

---

வைகைக்கரை (மதுரை):

குழி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஒரு பக்கம் மட்டும்தான் தேய்ந்தது, இடது பின் டயர். ஸ்டீரிங்கை லேசாக வலது பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். ஒவ்வொரு தடவையும் முன் அலைன்மென்ட் செய்து ஸ்டீரிங்கை நேராக்கி அனுப்பினார்கள், தேய்மானம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்த மெக்கானிக் பின்னால் இரண்டு டோ லிங்க்கையும் (டோவைப் பிடித்து நிறுத்துகிற கம்பி) கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடதுபுறத்தது கண்ணுக்குத் தெரியும்படியே வளைந்திருந்தது. ரிம்மில் கீறல்கூட இல்லை. லிங்க்கை மாற்றி, பின்னாலிருந்து தொடங்கி அலைன்மென்ட் செய்த பிறகு புது டயர் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தேய்கிறது. மாதம் ஒருமுறை மொபைல் கேமராவை டயருக்குப் பின்னால் நீட்டி உள் ஓரத்தைப் படம் எடுத்துவிடுகிறேன், லிஃப்ட் தேவையில்லை.