பனிச்சறுக்கு பூட்: குதிகால் எழும்புகிறது, கெண்டைக்கால் வலிக்கிறது

கேள்வி:
விரல் இடிக்கக்கூடாதென்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டேன். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் உள்ளே எழும்புகிறது, அதை அடக்கப் பக்கிளை இறுக்கினால் கெண்டைச்சதை நசுங்கி மதியத்துக்குள் கால் மரத்துவிடுகிறது. பெண்களுக்கான பூட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1:
சைஸ்தான் பிரச்சினை. இந்த பூட்டுகளின் சைஸ் முறையான மாண்டோபாயிண்ட் என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில், 24.5 என்றால் 24.5 செ.மீ. லைனரை (உள்ளே இருக்கும் மெத்தை உறையை) உருவிவிட்டு வெளியே உள்ள கடினமான வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் லைனரோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் உரசும், பயப்படாதீர்கள், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் பின்வாங்கிவிடும். லைனர் போகப்போகத் தளரும், அதனால் கடையில் சொகுசாக இருக்கும் பூட்டை நான் நம்பவே மாட்டேன்.

பதில் 2:
கெண்டைச்சதை பெண்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கீழேயே தொடங்கும், அதனால்தான் பெண்கள் பூட்டின் மேல்பகுதி உயரம் குறைவாக, வாய் அகலமாக இருக்கும். உங்களுடையது ஆண்கள் மாடலா என்று பாருங்கள். பக்கிள் கொக்கியைத் தள்ளி மாட்டவும் பல பூட்டுகளில் வசதி உண்டு.

பதில் 3:
சாக்ஸ் எத்தனை போடுகிறீர்கள்? மெல்லியதாக ஒன்றே ஒன்று போதும். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும்.

கேள்வி கேட்டவர்:
லைனரை எடுத்துப் பார்த்தேன், பின்னால் மூன்று விரல் தாராளமாகப் போகிறது! ஒரு சைஸ் குறைத்துப் போட்டுப் பார்க்கிறேன், மிக்க நன்றி.