பச்சிலைச் சாறு கிருமியைக் கொல்லுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நாகர்கோவில்காரர்:
எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது குப்பைமேனி. மதில் ஓரத்தில் சும்மா கிடக்கும் செடி, பறிக்க அலைய வேண்டாம். உலர்த்துவதுதான் பாடு. நிழலில்தான் காய வேண்டும். நம்மூரிலோ ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பூசணம் பிடிக்காமல் ஃபேனுக்கு அடியில் பேப்பர் விரித்து ஒப்பேற்றினேன்.

பொடியைத் தண்ணீரில் ஒரு பங்கு, எத்தனாலில் ஒரு பங்கு ஊறப்போட்டு வடித்து வற்றவைத்தேன். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய அகார் தட்டில் கிருமியைப் பஞ்சால் பூசி, 6 மில்லிமீட்டர் குழி போட்டு, சாற்றை விட்டு, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தட்டு முழுக்க மஞ்சளாகப் படர்ந்திருக்க, எத்தனால் சாறு விட்ட குழியைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த வளையம், அதாவது அங்கே கிருமி வளரவில்லை. தண்ணீர்ச் சாற்றுக்கு ஒன்றுமில்லை. ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியா பூசிய தட்டில் இரண்டுமே சொல்லும்படி இல்லை. அந்த வகைக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. சாற்றில் உள்ள பலதும் அதைத் தாண்டாது. சாறில்லாமல் அதைக் கரைத்த திரவம் மட்டும் விட்ட குழியில் வளையம் இல்லை என்று பார்த்த பிறகே கைடு கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உறைத்தது வேறு. ஒப்பிட வைத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையில் மருந்து 5 மைக்ரோகிராம். நான் குழியில் விட்டது 5 மில்லிகிராம், 1000 மடங்கு. அப்படியும் அந்த வில்லையின் வளையம்தான் பெரிது. சாற்றில் வேலை செய்யும் பொருள் துளிதான் இருக்கும் என்பதும் நியாயம்தான். ஆனாலும் ‘ஆன்டிபயாட்டிக்குக்குச் சமம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எத்தனை கிராமுக்கு என்று கேட்கத் தோன்றும்.

குலசேகரத்திலிருந்து:
எங்கள் வீட்டில் ரப்பர் வெட்டு. கத்தி கையில் பட்டால் கம்யூனிஸ்ட் பச்சை என்ற செடியின் இலையைக் கசக்கிப் பிழிவார்கள். ரத்தம் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இலையில் ஒட்டிய மண்ணோடு டெட்டனஸ் கிருமியும் வரலாமே. அப்பா இப்போது சாற்றையும் பிழிவார், டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியும் போட்டுக்கொள்வார்!

தக்கலைக்காரி:
மகனுக்குச் சொறி. அம்மா குப்பைமேனியும் கல்லுப்பும் அரைத்துப் பூசினார், அடங்கவில்லை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது பாக்டீரியா இல்லை, தோலுக்குள் துளைக்கும் சிற்றுண்ணி என்று வீட்டில் எல்லாருக்கும் பெர்மெத்ரின் என்ற பூசும் மருந்து எழுதினார். சரி, நாகர்கோவில்காரரே, வீட்டில் அரைப்பதும் தண்ணீர்ச் சாறுதானே? அதில் ஒன்றும் இறங்காதா?

நாகர்கோவில்காரர்:
பச்சை இலை விழுதும் காய்ந்த பொடி ஊறிய தண்ணீரும் ஒன்றல்ல அக்கா. விழுதை நான் சோதிக்கவில்லை. தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் எண்ணெயில் கரைவது இறங்கும், அது வேறு கணக்கு.